அறை எண் 813

முகங்களைக் காட்டுவதற்கு முன்பே இந்தப் படம் கைகளைக் காட்டிவிடுகிறது. ஓர் ஆணின் கை, ஒரு பெண்ணின் கை. திரையில் பெயர்கள் வந்து போய்க்கொண்டிருக்க, அந்த இரண்டு கைகளும் ஒன்றையொன்று தேடுகின்றன, வருடுகின்றன, விலகுகின்றன, விரலிடுக்கில் விரல் நுழைத்து மறுபடி சேர்கின்றன. யாருடைய கைகள், எந்த அறை, எந்த இரவு என்பதெல்லாம் தெரியாது. ஜார்ஜ் தெலெர்யூவின் இசை மட்டும் அவற்றின் மேல் மெல்லப் படர்கிறது. கதை இன்னும் தொடங்கவில்லை. ஆனாலும் நாம் பார்க்கக் கூடாத ஒன்றை மிக அருகில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்ற கூச்சம் நமக்குள் ஏறிவிடுகிறது. அந்தக் கூச்சத்தோடேயே கடைசிவரை நம்மை உட்கார வைப்பதுதான் பிரான்சுவா த்ரூஃபோவின் ‘லா போ தூஸ்’. மென்மையான சருமம் என்று பெயர். 1964இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம்.

கதையைச் சொன்னால் ஒரு பத்திகூட நீளாது. பியேர் லாஷ்னே பாரிஸில் வாழும் புகழ்பெற்ற எழுத்தாளன், ஓர் இலக்கியப் பத்திரிகையின் ஆசிரியன். அழகும் ஆளுமையும் உள்ள மனைவி, சுட்டியான ஒரு பெண் குழந்தை, புத்தகங்கள் நிறைந்த வீடு. லிஸ்பனுக்கு உரையாற்றப் போகும் வழியில் விமானப் பணிப்பெண் நிக்கோலைப் பார்க்கிறான். காதல், பொய், பயணம், பிடிபடுதல், துப்பாக்கி. செய்தித்தாளில் நான்கு வரியில் முடிந்துபோகும் சமாச்சாரம். உண்மையிலேயே அப்படிப்பட்ட செய்திகளிலிருந்துதான் த்ரூஃபோவும் ழான்-லூயி ரிஷாரும் இந்தத் திரைக்கதையைப் பின்னினார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் ‘ழூல் ஏ ஜிம்’ படத்தில் காதலைக் காற்றில் பறக்கவிட்ட கலைஞர் இப்போது அதைத் தரைக்கு இறக்கி, நேரம் பார்க்க வைத்து, சில்லறை எண்ண வைத்துவிட்டாரே என்று பலருக்கு வருத்தம். கான் விழாவில் படம் சரியாக எடுபடவில்லை. போகட்டும். மெதுவாகப் பழகும் மனிதர்களைப் போல மெதுவாகப் பழகும் படங்களும் உண்டு.

இதில் எனக்குத் தீராத வியப்பு ஒன்றுதான். நாயகன் எழுத்தாளன். சொற்களால் வாழ்கிறவன். லிஸ்பன் மேடையில் பால்சாக்கையும் பணத்தையும் பற்றி அவன் பேசும்போது வாக்கியங்கள் மடிப்புக் கலையாமல் வந்து விழுகின்றன. ஆனால் காதல் வந்த கணத்திலிருந்து அவனுடைய சொற்கள் ஒன்றுக்கும் உதவுவதில்லை. தொலைபேசியில் தடுமாறுகிறான். மனைவியிடம் சொல்லும் பொய்கள்கூடப் பொருந்திவருவதில்லை. பேச வேண்டியதையெல்லாம் பேசுவது அவனுடைய கைகள்தான். சுவிட்சைத் தொடும் கை, சாவியை வாங்கும் கை, காலுறையின் கொக்கியைக் கழற்றும் கை. எழுத்தாளனைப் பற்றி எடுக்கப்பட்ட படங்களில் எழுத்தை இத்தனை நாசூக்காக ஓரத்தில் உட்கார வைத்த படம் வேறொன்றை நான் பார்த்ததில்லை.

முதல் காட்சியே ஓட்டம். விமானத்துக்கு நேரமாகிவிட்டது. பியேர் வீட்டுக்குள் நுழைகிறான், பெட்டியோடு வெளியேறுகிறான். நண்பர் காரை எடுக்கிறார், குழந்தையும் ஏறிக்கொள்கிறது. ஒர்லி விமான நிலையம் வரைக்கும் அந்தப் பயணத்தை த்ரூஃபோ துண்டு துண்டாக நறுக்கித் தருகிறார்: கியரை மாற்றும் கை, சாலை விளக்கு, கார் முகப்பின் முட்கள், மறுபடியும் கை. கதைக்கு இது எதற்கு என்று தோன்றும். ஒருவன் விமானத்தைப் பிடிப்பதில் என்ன காவியம்? ஆனால் கவனித்துப் பாருங்கள். இன்னும் காதல் வரவில்லை, காதலுக்குரிய நாடித்துடிப்பு மட்டும் முன்கூட்டியே வந்துவிட்டது. நேரத்துக்குப் போய்ச் சேர முடியுமா என்ற பதற்றம்தான் இனி இந்த மனிதனின் வாழ்க்கை முழுவதும். மனைவிக்குத் தெரியாமல் காதலிப்பவனுக்குக் கடிகாரத்தைவிடப் பெரிய பகை வேறில்லை என்பதை, ஒரு முத்தம்கூட நிகழ்வதற்கு முன்பே, ஒரு கியர் தண்டு சொல்லிவிடுகிறது.

(விமான நிலையத்துக்கு விரையும் கார் என்றதும் மனம் வேறொரு பக்கம் போய்விடுகிறது. நிக்கோலாக நடித்த பிரான்சுவாஸ் தோர்லியாக், கத்ரீன் தெனவின் அக்கா. 1967 ஜூனில் நீஸ் விமான நிலையத்துக்கு விரைந்துகொண்டிருந்தபோது கார் விபத்தில் இறந்துபோனார். வயது 25. இந்த ஓட்டத்தை அது தெரியாதவர்கள் பார்ப்பது வேறு, தெரிந்தவர்கள் பார்ப்பது வேறு.)

விமானத்தில் ஒரு திரைச்சீலை. அதற்குக் கீழே ஒரு சாண் இடைவெளி. அந்த இடைவெளியில் நிக்கோலின் பாதங்கள் தெரிகின்றன. தட்டையான செருப்பைக் கழற்றிவிட்டுக் குதியுயர்ந்த காலணியை அணிந்துகொள்கிறாள். பியேர் தன் இருக்கையிலிருந்து அதைப் பார்க்கிறான். அவ்வளவே காட்சி. எத்தனை அடக்கம், எத்தனை குறும்பு! வேலைக்கான பாதங்கள் உலகத்துக்கான பாதங்களாக மாறும் அந்தச் சில நொடிகளில் ஒரு பெண்ணின் இரண்டு வாழ்க்கைகளும் தெரிந்துவிடுகின்றன. முகத்தைப் பார்த்துக் காதல் வருவதாகத்தான் ஆயிரம் படங்கள் சொல்லியிருக்கின்றன. த்ரூஃபோ பாதத்தில் தொடங்குகிறார். பெண்களின் கால்களின் மேல் அவருக்கு இருந்த தீராத மயக்கம் பின்னாளைய படங்களிலும் தொடர்கிறது. ஆனால் இந்தத் திரைச்சீலைக்குக் கீழே கிடைத்த கள்ளங்கபடமற்ற அழகு அவருக்கே இன்னொரு முறை கிடைத்ததா என்பது ஐயம்தான்.

இனி அந்த லிஃப்ட்.

லிஸ்பன் விடுதியின் லிஃப்டில் பியேர் ஏறுகிறான். நிக்கோலும் ஏறுகிறாள், அவளோடு விமானத்தில் பணிபுரியும் ஒருவரும் ஏறுகிறார். கதவு சாத்திக்கொள்கிறது. மேலே போகிறது. மாடிகள் ஒவ்வொன்றாக நழுவுகின்றன. அவன் அவளைப் பார்க்கிறான். அவள் பார்க்கிறாளா இல்லையா என்பது ஒரு நூலிழை. வெளிச்சமும் நிழலும் மாறி மாறி முகங்களின் மேல் ஏறி இறங்குகின்றன. ஒரு சொல்லும் இல்லை. எட்டாவது மாடிவரை போவதற்குள் ஒரு முழுப் பருவமே கடந்துவிட்டது போல இருக்கும். அவள் இறங்கிப்போன பிறகு அதே லிஃப்ட் அவனோடு கீழே வருகிறது. அந்த இறக்கத்தைக் கடிகாரப்படி எவ்வளவு ஆகுமோ அவ்வளவே காட்டுகிறார் த்ரூஃபோ. அப்போதுதான் திடுக்கிடுகிறோம். ஏறியபோது அவர் காலத்தை இழுத்து நீட்டியிருக்கிறார். நாம் கவனிக்கவே இல்லை. ஏன், நாமும் அவனோடு சேர்ந்து அவளைத்தானே பார்த்துக்கொண்டிருந்தோம்.

1962 ஆகஸ்டில் த்ரூஃபோ ஹாலிவுட் போய் ஹிட்ச்காக்கோடு பல நாட்கள் உட்கார்ந்து பேசியிருந்தார். அந்த உரையாடல்கள் 1966இல் புத்தகமாக வந்தன. இடைப்பட்ட காலத்தில் எடுத்த படம் இது. கொலைகாரன் படியேறும்போது ஹிட்ச்காக் காலத்தை எப்படி நீட்டுவாரோ, அதே வித்தையை இவர் ஒரு நாணம் மிகுந்த மனிதன் மாடியேறுவதற்குப் பயன்படுத்துகிறார். திகில் படத்தின் கருவிகளைக் கொண்டு காதலைச் செதுக்குவது என்பது சும்மா ஒரு சாமர்த்தியம் இல்லை. திருமணமானவனின் மோகத்தில் திகிலும் இனிப்பும் ஒரே சுவைதான் என்று கண்டுகொண்ட கண் அது. கடைசிக் காட்சியில் நிஜமாகவே ஒரு துப்பாக்கி வரப்போகிறது என்பதை நினைத்துக்கொண்டு மறுபடியும் லிஃப்டைப் பாருங்கள். முதுகுத்தண்டில் வேறொரு குளிர் ஏறும்.

நிக்கோலின் கையிலிருக்கும் சாவியில் அவளுடைய அறை எண் தெரிகிறது. 813. மொரீஸ் லெப்லாங்கின் ஆர்சேன் லூபேன் நாவல் ஒன்றின் தலைப்பு அது. த்ரூஃபோ தன் படங்களில் விடாமல் ஒளித்துவைக்கும் செல்ல எண். பியேரின் குடும்பப் பெயரான லாஷ்னேகூட அவருடைய பால்யகால நண்பனிடமிருந்து எடுத்ததே. இப்படி எங்கே பார்த்தாலும் தன் பையிலிருக்கும் சின்னச் சின்ன அன்பான பொருள்களைப் படத்துக்குள் வைத்துக்கொண்டே போகிறார். பார்வையாளருக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. தெரிந்தால் ஒரு புன்னகை, அவ்வளவுதான்.

விடுதியின் நடைக்கூடத்தில் அறைக் கதவுகளுக்கு வெளியே காலணிகள் வைக்கப்பட்டிருக்கின்றன. காலையில் மெருகேற்றித் தருவதற்காக விருந்தினர்கள் வைத்தவை. பியேர் அந்தக் கூடத்தில் நடக்க, கேமரா அந்தக் காலணிகளின் வழியே நகர்கிறது. ஆண் காலணி, பெண் காலணி, பக்கத்தில் பக்கத்தில். ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒரு சேர்க்கை. இவனுடைய தனிமையைச் சொல்ல ஒரு பெருமூச்சும் தேவைப்படவில்லை. தோல் காலணிகளே போதுமானவையாக இருக்கின்றன. கலை என்பதற்கு இலக்கணம் கேட்டால் நான் இந்தக் கூடத்தைத்தான் காட்டுவேன்.

ஆனால் என் மனத்தை முழுக்கப் பறித்துக்கொண்டது இதற்கடுத்த கட்டம். அறைக்குத் திரும்பிய பியேர் நிக்கோலின் அறைக்குத் தொலைபேசியில் பேசுகிறான். தன்னோடு ஏதாவது அருந்த வர முடியுமா என்று கேட்கிறான். நேரமாகிவிட்டது என்று அவள் மறுக்கிறாள். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வைத்துவிடுகிறான். சற்று நேரத்தில் அவனுடைய தொலைபேசி மணி ஒலிக்கிறது. அவளேதான். அழைப்பை ஏற்றுக்கொள்கிறாள். இப்போது இந்த நடுத்தர வயது மனிதன் என்ன செய்வான்? துள்ளுவானா, கண்ணாடி பார்ப்பானா? அறைக்குள் நடந்து விளக்குகளை ஏற்றுகிறான். ஒவ்வொரு சுவிட்சாக. ஒரு விளக்கு, இன்னொரு விளக்கு, அதற்கப்பால் இன்னொன்று. அறை முழுக்கப் பொன் வெள்ளமாக வெளிச்சம் ததும்புகிறது. எந்த வசனகர்த்தாவும் எழுதிவிட முடியாத களிப்பு அது. கறுப்பு வெள்ளைப் படத்தில் ‘பொன்’ எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். எனக்கு அப்படித்தான் தெரிகிறது.

ரவூல் கூத்தாரின் ஒளிப்பதிவுக்கு இந்த மயக்கத்தில் பெரும் பங்கு உண்டு. ஓராண்டு முன்புதான் அவர் கோதாரின் ‘ல மெப்ரி’யை ஒளிவழியும் வண்ணத்தில் எடுத்திருந்தார். அதற்கும் இசை தெலெர்யூதான். அதுவும் எழுதுகிறவன் ஒருவனின் இல்லறம் உடையும் கதை. அங்கே மத்தியதரைக் கடலின் நீலமும் செந்நிறச் சாயமும் நம்மை அடித்துப்போடும். இங்கே அதே கண், அதே இசை, ஆனால் சாம்பலின் நூறு சாயல்கள். வெண்ணிறக் கழுத்தில் விழும் கூந்தல் நிழல், கார்க் கண்ணாடியில் வழியும் தெருவிளக்கு, மேசைவிளக்கின் ஓரத்தில் பாதி கரைந்த கன்னம். சருமம் என்ற சொல்லைத் தலைப்பில் வைத்திருக்கும் படம் உடலை வெளிச்சம் போட்டுக் காட்டுவதே இல்லை. தொடுவதற்கு ஒரு நொடி முன்னால் இருக்கும் தூரத்திலேயே கேமரா நின்றுவிடுகிறது. அந்த இடைவெளியின் நாகரிகம்தான் படத்தின் மென்மை.

தோர்லியாக்கைப் பற்றி எழுதத் தொடங்கினால் பேனா நிற்காது. நீண்ட மெல்லிய உருவம். நடக்கும்போது காற்றை விலக்காமல் அதோடு ஒத்துப்போகும் லாவகம். சிரிக்கும்போது சிரிப்பு முதலில் கண்ணுக்கு வந்து அப்புறம்தான் உதட்டுக்கு இறங்கும். திரும்பும் விமானத்தில் தன் தொலைபேசி எண்ணை ஒரு தீக்குச்சி மடலில் எழுதிக் கொடுக்கிறாளே, அந்த இயல்பைப் பாருங்கள். பசப்பும் இல்லை, வெட்கமும் இல்லை. கொடுக்கத் தோன்றியது, கொடுத்தாள். மனையைக் கெடுக்க வந்த மோகினியாக அவளை வரைந்திருந்தால் பாரிஸிலும் எவ்வளவோ பேருக்குத் திருப்தியாக இருந்திருக்கும். த்ரூஃபோ அவளுக்கு வேலை கொடுத்தார், அலுப்புக் கொடுத்தார், தனக்கு எது வேண்டும் எது வேண்டாம் என்று அறிந்த தெளிவைக் கொடுத்தார். இரவு விடுதியில் அவள் ட்விஸ்ட் ஆடுவதைப் பியேர் உட்கார்ந்தபடி பார்க்கும் காட்சி ஒன்று உண்டு. ஆட்டம் அவளுடையது, அவளுக்காகவே ஆடுவது. அவனுக்கு அந்த உலகத்தில் நாற்காலி மட்டும்தான் கிடைக்கிறது.

பியேராக நடித்த ழான் தெசாயி நாயகனுக்குரிய அழகர் இல்லை. சற்றே உப்பிய முகம், நேர்த்தியான கோட்டு, எப்போதும் ஏதோ மறந்துவிட்டவரைப் போன்ற பார்வை. நாடக மேடையில் தேர்ந்த நடிகர். இந்தப் பாத்திரத்தில் அவர் செய்திருக்கும் சாதனை, நம்முடைய பரிவைக் கெஞ்சாமல் இருந்தது. பியேர் கோழை. அதைத் தெசாயி மறைப்பதில்லை, மிகைப்படுத்துவதும் இல்லை. மேடையேறினால் கம்பீரம், விடுதி வரவேற்பு மேசைக்கு முன்னால் நின்றால் குற்றவாளி. ஒரே உடம்புக்குள் இந்த இரண்டும் குடியிருப்பதை அவர் தோள்களின் ஏற்ற இறக்கத்தாலேயே காட்டிவிடுகிறார்.

அந்தக் கோழைத்தனம் முழு மலர்ச்சி காண்பது ரான்ஸ் நகரப் பயணத்தில். படத்தின் நடு மணி இது. சிரிப்பதா வேதனைப்படுவதா என்று தெரியாமல் நம்மை நெளிய வைக்கும் அரிய பகுதி. ஆந்திரே ழீத்தைப் பற்றி மார்க் அலெக்ரே எடுத்த ஆவணப்படத்தை அறிமுகப்படுத்திப் பேச பியேரை அழைத்திருக்கிறார்கள். நிக்கோலையும் கூட்டிப்போகிறான். இருவருக்கும் கிடைக்கப்போகும் ஒரு ராத்திரிக்கு இலக்கியம் ஒரு சாக்கு. போன இடத்தில் நண்பர் கிளெமான் அட்டையாக ஒட்டிக்கொள்கிறார். ஊர்ப் பெரியவர்கள் விருந்து வைக்கிறார்கள். நிக்கோலை ஒரு விடுதியில் ஒளித்துவைக்க வேண்டியிருக்கிறது. அவளுடைய காலுறை கிழிந்துவிட்டது, கடை மூடுவதற்குள் ஒரு ஜோடி வாங்கிவரச் சொல்கிறாள். ழீத்தின் ஆன்மாவைப் பற்றிச் சொற்பொழிவாற்றப் போகும் அறிஞன் பெண்களின் காலுறைக்காகக் கடைவீதியில் பரபரக்கிறான்! த்ரூஃபோ இதைக் கேலியாக்கவில்லை. காதலில் அந்த ஜோடிக் காலுறைக்கு இருக்கும் கனம் சொற்பொழிவுக்கு இல்லை என்று அவருக்குத் தெரியும்.

அரங்கில் அவளுக்கு இடம் கிடைப்பதில்லை. அவன் உள்ளே பேசுகிறான், அவள் வெளியே. கூட்டம் முடிந்த பிறகும் கிளெமான் விடவில்லை. ஒரு காபிக் கடையில் உட்கார்த்திவைத்துப் பேசிக்கொண்டே இருக்கிறார். கண்ணாடிக்கு அப்பால் தெருவில் நிக்கோல் நிற்கிறாள். யாரோ ஒருவன் அவளைச் சுற்றிச்சுற்றி வந்து தொந்தரவு செய்கிறான். பியேருக்கு அது தெரிகிறது. எழுந்து போனால் கிளெமானுக்குத் தெரிந்துவிடும். உட்கார்ந்தே இருக்கிறான். ஒரு கண்ணாடித் தகடு, அவ்வளவுதான் குறுக்கே. த்ரூஃபோ அந்தத் தகட்டை வைத்திருக்கும் இடத்தின் கச்சிதத்தை என்னவென்பது! வசனம் இந்தப் பக்கம் கிளெமானிடமிருந்து ஓயாமல் வழிகிறது. காதல் அந்தப் பக்கம் ஓசையில்லாமல் ஒரு படி இறங்குகிறது. நிக்கோல் எப்போது அவனை விட்டு விலகினாள் என்று கேட்டால், பின்னால் வரும் பிரிவுக் காட்சியைச் சொல்ல மாட்டேன். இந்தக் கண்ணாடியைத்தான் சொல்வேன்.

அந்தப் பயணத்தின் வழியில் இன்னொரு சின்னத் துளி. ஜீன்ஸ் அணிந்திருக்கிறாள் நிக்கோல். கவுனில் பார்க்கத்தான் தனக்குப் பிடிக்கும் என்கிறான் பியேர். பெட்ரோல் பங்கில் கார் நிற்கும்போது அவள் போய் உடை மாற்றிக்கொண்டு வருகிறாள். விட்டுக்கொடுத்தல் என்று பார்த்தால் அது அன்பு. மாற்றிக்கொள்ளச் சொன்னவனின் பக்கமிருந்து பார்த்தால், தலைமுறை இடைவெளி ஒரு துணியின் வழியாக எட்டிப்பார்க்கிறது. த்ரூஃபோ இரண்டையும் ஒரே கணத்தில் வைத்துவிட்டு, எதையும் அடிக்கோடிடாமல் காரைக் கிளப்பிவிடுகிறார்.

கிளெமானிடமிருந்து நழுவி, இரவோடிரவாக லா கொலினியேர் என்ற நாட்டுப்புற விடுதிக்கு இருவரும் வருகிறார்கள். இங்கேதான் படம் தன் மூச்சைச் சீராக்கிக்கொள்கிறது. களைத்துத் தூங்கிப்போன நிக்கோலின் காலணியைக் கழற்றுகிறான் பியேர். பிறகு காலுறையின் கொக்கிகளை ஒவ்வொன்றாக விடுவிக்கிறான். வேட்கையும் வணக்கமும் அந்த விரல்களில் கலந்திருக்கின்றன. எழுந்துவிடக் கூடாதே என்ற பதைப்பும் கூட. தொடக்கப் பெயர்களின்போது நாம் பார்த்த அந்தக் கைகளின் முழுப் பொருளும் விளங்குவது இந்த அறையில்தான். அவன் எழுதியிருக்கக்கூடிய எந்தப் பக்கத்தைவிடவும் நேர்மையாக இருப்பது இந்தச் சில நிமிடங்கள்.

காலையில் சிற்றுண்டித் தட்டைக் கதவுக்கு வெளியே வைக்கிறார்கள். ஒரு பூனைக்குட்டி வந்து மிச்சப் பாலை நக்குகிறது. கதைக்கு எள்ளளவும் தேவையில்லாத பூனைக்குட்டி. உள்ளே இருவர் நிம்மதியாக இருக்கிறார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேறில்லை. இந்தத் தட்டும் பூனைக்குட்டியும் த்ரூஃபோவின் மனத்தை விட்டுப் போகவே இல்லை போலும். 1973இல் வந்த ‘லா நுயி அமெரிகேன்’ படத்தில், படப்பிடிப்புக் குழு ஒன்று இதே போன்ற காட்சியை எடுக்கப் படாத பாடு படும். பூனை பால் குடிக்க மறுத்து எல்லோரையும் திணறடிக்கும். அதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தவர்கள் இங்கே திரும்பி வந்து இந்தக் குட்டியின் நாவைப் பார்க்க வேண்டும். எவ்வளவு சுலபமாக, எவ்வளவு தற்செயலாக வந்ததுபோல் அது குனிகிறது!

இந்த விடுதியில்தான் பியேர் நிக்கோலைப் புகைப்படம் எடுக்கிறான். எழுத்தாளன் காதலைக் குறித்துவைக்க எழுத்தை நாடவில்லை, கேமராவை நாடினான். அது பிறகு அவனைத் தேடிவரும்.

பாரிஸ் வீட்டுக்கு வருவோம். லாஷ்னே குடும்பத்தின் அந்த வீடு உண்மையில் த்ரூஃபோவின் சொந்த வீடு. மனைவி மத்லேனோடு அவருக்கு இருந்த மணவாழ்வு அப்போது தளர்ந்துகொண்டிருந்தது. 1965இல் மணமுறிவு. தான் வாழ்ந்த படுக்கையறையிலும் கூடத்திலும் ஒரு வீடு உடையும் கதையைப் படம்பிடிக்க எத்தகைய மனத்துணிவு வேண்டும்! ஆனால் அந்த உண்மை தெரியாவிட்டாலும் வீட்டின் நம்பகம் கண்ணில் படும். அலமாரிகள் நடிக்கவில்லை. கதவுகள் எந்தப் பக்கம் திறக்கும் என்பது அங்கே நடமாடுபவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பழகிய வீட்டில்தான் மனிதர்கள் ஒருவரையொருவர் பார்க்காமலேயே இவ்வளவு துல்லியமாக விலகி நடப்பார்கள்.

நிக்கோலோடு குடியேறுவதற்காகப் பியேர் ஒரு வீட்டைப் பார்க்கிறான். இன்னும் கட்டி முடிக்கப்படாத உயர்ந்த கட்டடம். வெறும் சுவர்கள், சிமெண்டு, காற்று. எந்த அறையை எதற்கு வைத்துக்கொள்ளலாம் என்று அவன் ஆசையோடு திட்டமிடும் இடத்தில்தான் அவள் தன் மறுப்பைச் சொல்கிறாள். கோபம் இல்லை, அழுகை இல்லை. இந்த வாழ்க்கை வேண்டாம் என்கிறாள், மென்மையாக. பூசப்படாத சுவர்களுக்கு நடுவே நின்று அதைக் கேட்டுக்கொள்ளும் தெசாயியின் முகத்தை விவரிக்க நான் முயலப்போவதில்லை.

அப்புறம் எல்லாம் விரைகிறது. அவனுடைய கோட்டுப் பையில் ஒரு துண்டுச் சீட்டு. புகைப்படக் கடை ரசீது. மனைவி ஃபிராங்கா அதை எடுத்துப்போய்ப் படங்களை வாங்கிவிடுகிறாள். ஆயிரம் பக்கங்கள் எழுதியவனைக் காட்டிக்கொடுத்தது ஒரு ரசீது. அவள் வேட்டைத் துப்பாக்கியை மழைக்கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு கிளம்புகிறாள். அதே நேரத்தில் பியேர் அவளோடு பேச விரும்பித் தொலைபேசிக் கூண்டுக்குப் போகிறான். உள்ளே ஒரு பெண் பேசிக்கொண்டே இருக்கிறாள். அவனுக்கு இணைப்புக் கிடைக்கும்போது ஃபிராங்கா வீட்டை விட்டுப் போய்விட்டாள். லிஃப்டில் தொடங்கிய அந்தக் காலவித்தை இங்கே தன் கூரிய முனையைக் காட்டுகிறது. அன்று அவனுக்காக நீண்டுகொடுத்த காலம் இன்று ஒரு நிமிடம்கூடக் கொடுக்க மறுக்கிறது. அவன் வழக்கமாக உண்ணும் உணவகத்துக்குள் ஃபிராங்கா வருகிறாள், புகைப்படங்களை அவன் முன்னால் எறிகிறாள், சுடுகிறாள்.

இந்த முடிவு செயற்கையானது, நாளிதழ்த்தனமானது என்று சொன்னவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இரண்டாம் முறை பார்க்கும்போது பியேரையும் நிக்கோலையும் விட்டுவிட்டு ஃபிராங்காவை மட்டும் பின்தொடருங்கள். அவளாக நடித்த நெல்லி பெனெதெத்தியின் கறுத்த கூந்தலும் சுடரும் கண்களும் முதல் காட்சியிலிருந்தே எவ்வளவு உயிரோடு இருக்கின்றன! காதல் வற்றிப்போன சோர்ந்த இல்லத்தரசி இல்லை இவள். கணவனை இன்னும் ஆசையோடு விரும்புகிற பெண். த்ரூஃபோ கதைக்கு வைத்த மிகப் பெரிய அழகு இதுவே என்பது என் கட்சி. பனிபோன்ற நிக்கோல் காதலியாகவும் தீபோன்ற ஃபிராங்கா மனைவியாகவும் இருப்பதால், வழக்கமான கணக்கு தலைகீழாகிவிடுகிறது. பிற்பகுதியில் தெருவில் ஒருவன் ஃபிராங்காவைப் பின்தொடர்ந்து வந்து வம்பிழுக்கிறான். ரான்ஸில் நிக்கோலுக்கு நேர்ந்ததே இவளுக்கும் நேர்கிறது. நிக்கோல் அன்று காத்துக்கொண்டு நின்றாள். இவள் திரும்பி அவனைப் பிடித்து, உன் மூஞ்சியை நீயே பார் என்று கண்ணாடியில் அவன் முகத்தை அவனுக்கே காட்டி விளாசித் தள்ளுகிறாள். அந்த மனிதன் பயந்து போகிறான். அந்த ஒரு நிமிடத்தைக் கவனித்தவருக்கு உணவகத்துத் துப்பாக்கி வானத்திலிருந்து விழாது. அவள் முதலிலிருந்தே அப்படித்தான் இருந்தாள். பார்க்க நேரமில்லாமல் போனது பியேருக்கு. அவனோடு சேர்ந்து லிஃப்டில் ஏறிவிட்ட நமக்கும்தான்.